வெளிநாட்டில் இருந்து கம்ப்யூட்டர் பாகம் வாங்கினால் கஸ்டம்ஸில் என்ன நடக்கும்?

கோவையில் இருந்து வந்த கேள்வியின் சாரம் இது. வீட்டில் சின்னதாக ஒரு சர்வர் கட்ட வேண்டும். அதற்கு இங்கே கிடைக்காத ஒரு மினி ஐடிஎக்ஸ் (சிறிய அளவு) மதர்போர்டு, 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு, ஈபேயில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஈசிசி ராம் (பிழையைத் தானே திருத்தும் சர்வர் ரக நினைவகம்), இரண்டு எஸ்எஸ்டி வேண்டும். முடிந்தால் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும். அக்கா டெக்சாஸில் இருக்கிறார். அவரை வாங்கி ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா? நேரடியாகக் கூரியரில் வரவழைக்கலாமா? கஸ்டம்ஸில் எவ்வளவு தீட்டுவார்கள்?

‘கிஃப்ட்’ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முன்பு 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள அன்பளிப்புப் பொருள் வரியில்லாமல் வந்துகொண்டிருந்தது. சீன ஆன்லைன் கடைகள் எல்லாப் பார்சலிலும் ‘கிஃப்ட்’ என்று ஒட்டி அனுப்பியதில் அந்தச் சலுகைக்கு ஆயுள் முடிந்தது. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, தபாலிலும் கூரியரிலும் கிஃப்ட் என்று சொல்லி வரியில்லாமல் பொருள் இறக்குவதையே தடை செய்தது. விதிவிலக்கு இரண்டுதான்: உயிர் காக்கும் மருந்து, ராக்கி. அக்கா தம்பிக்கு அனுப்புகிறார் என்றாலும் மதர்போர்டை ராக்கியாக்க முடியாது. உண்மையிலேயே அன்பளிப்பாக இருந்தாலும் வரி கட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வார்த்தையை எழுதுவதால் லாபம் இல்லை, பெட்டி கூடுதல் கவனத்துக்கு ஆளாவதுதான் மிச்சம்.

அடுத்து, வாங்குவதால் லாபம் உண்டா என்ற கணக்கு. பலரும் அமெரிக்க விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ‘இங்கே கொள்ளை அடிக்கிறார்கள்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு வந்தபோது அமெரிக்க விலை 1,599 டாலர். இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 1,55,000 ரூபாய். அன்றைக்கு டாலர் ஏறக்குறைய 82 ரூபாய். பெருக்கினால் 1,31,000 சொச்சம். அதில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 1,54,700 வரும். அதாவது அறிவித்த விலையில் வித்தியாசம் என்று இருந்தது நம் ஜிஎஸ்டி மட்டும்தான். அமெரிக்க விலையில் அங்கத்திய விற்பனை வரி சேர்ந்திருக்காது என்பதையும் மறந்துவிடுகிறோம். டெக்சாஸில் மாநிலத்தின் 6.25 சதவீதமும் ஊருக்கான வரியும் சேர்ந்து 8.25 வரை போகும். அக்கா கடையில் அதைக் கட்டித்தான் வாங்குவார். சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு அமெரிக்காவில் நாடு தழுவி எதுவும் கிடையாது. ஓரிகன், டெலவேர் போன்ற மாநிலங்களில் விற்பனை வரி இல்லை என்பதால்தான் பார்சலை அங்கே வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பித் தரும் நிறுவனங்கள் பல அங்கே முகவரி வைத்திருக்கின்றன.

ஆக, சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும் பொருளை அமெரிக்காவில் இருந்து வரவழைப்பதில் பெரும்பாலும் அர்த்தமில்லை. ஏதாவது ஒரு கார்டுக்குத் தட்டுப்பாடு வந்து, கடைக்காரர்கள் அறிவித்த விலைக்கு மேல் முப்பது நாற்பதாயிரம் வைத்து விற்கிற காலம் வந்தால் கணக்கு மாறும். மற்றபடி வெளியில் இருந்து வாங்கத் தகுந்தவை இங்கே விற்பனைக்கே வராத பொருட்கள்தான். விசித்திர அளவு கேபினெட், சர்வர் ரக ஐடிஎக்ஸ் போர்டு, பல டிஸ்க்குகளைச் சர்வரில் இணைக்கும் எச்பிஏ கார்டு, குறிப்பிட்ட ஒரு கூலர், கீபோர்டு கட்டுகிறவர்கள் தேடும் சுவிட்ச் மாதிரியானவை. உங்கள் பட்டியலில் போர்டும் நெட்வொர்க் கார்டும் அந்த ரகம்.

இனி வரி. பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி, கம்ப்யூட்டர் பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தியாவில் அடிப்படை சுங்க வரி பூஜ்யம். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர், அதன் பாகங்கள், சிப்புகள் மீதான சுங்க வரியைப் படிப்படியாகக் குறைத்து நீக்க வேண்டியிருந்தது. மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சுங்க வரிப் பட்டியலில் 8473 30 என்ற தலைப்பில் வரும். ஹார்ட் டிஸ்க் 8471 70. பிராசஸர் 8542 31. இவற்றுக்கு அடிப்படை வரி இல்லை. அதன் மேல் பத்து சதவீதமாக ஏறும் சமூக நல கூடுதல் வரியும் இல்லை, பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம்தானே. மிஞ்சுவது 18 சதவீத ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி மட்டும். கடையில் வாங்கினாலும் அதையேதான் கட்டுகிறீர்கள்.

நெட்வொர்க் கார்டு மட்டும் வேறு குடும்பம். அது கம்ப்யூட்டருக்குள் செருகுவதுதான் என்றாலும் வேலை தகவல் தொடர்பு என்பதால் 8517 தலைப்புக்குப் போகும். அந்தத் தலைப்பில் பல பொருட்களுக்கு 10, 20 என்று அடிப்படை வரி உண்டு. 2018 அக்டோபரில் சில தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு வரியை 10இல் இருந்து 20க்கு ஏற்றினார்கள். இந்தத் துறையில் இந்தியா போட்ட வரிகள் அது ஒப்புக்கொண்ட வரம்பை மீறுகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2023 ஏப்ரலில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்திருக்கிறது. இந்தப் பஞ்சாயத்து நமக்கு எதற்கு என்றால், ஒரே பெட்டியில் போர்டும் கார்டும் வந்தால் இரண்டுக்கும் ஒரே வரி என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான்.

எண்ணில் பார்ப்போம். போர்டின் விலை 25,000 ரூபாய், கூரியர் கட்டணம் 4,000. கஸ்டம்ஸ் வரி போடுவது பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, போக்குவரத்து, காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்கு. காப்பீடு எடுத்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் விலையில் 1.125 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள், இங்கே 281 ரூபாய். மொத்தம் 29,281. இதற்கு 18 சதவீதம் என்றால் 5,271 ரூபாய். இதே தொகைக்கு அடிப்படை வரி 20 சதவீதம் என்றால் கூடுதல் வரியோடு 22 ஆகும். அதையும் சேர்த்த தொகைக்கு ஐஜிஎஸ்டி போட்டால் மொத்தச் சுமை 43.96 சதவீதம், 12,872 ரூபாய். வரிக்கு மேல் வரி ஏறுவதால்தான் இருபதும் பதினெட்டும் முப்பத்தெட்டாக நிற்பதில்லை.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு விதி உண்டு. விமானத்தில் வரும் பொருளுக்கு, போக்குவரத்துச் செலவாகக் கணக்கில் எடுக்கும் தொகை பொருளின் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் இருக்கிறது. நீங்கள் அவசரத்துக்கு 9,000 ரூபாய் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாலும், 25,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,000தான் சேர்க்க வேண்டும். சின்ன, கனமான பொருட்களில் இது நல்ல வித்தியாசம் தரும். கூரியர்க்காரர் முழுத் தொகையையும் போட்டிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, வரி இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லோரும் அலறுகிறார்கள்? காரணம் 9804 என்ற நான்கு எண்கள். சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரும் வரிக்குரிய பொருட்களுக்கு என்று ஒரு பொதுத் தலைப்பு. உள்ளே இருப்பது மதர்போர்டா, பொம்மையா என்று பார்க்காமல் ஒரே வரி. சில வருடங்களுக்கு முன் இதில் அடிப்படை வரி 35 சதவீதம், கூடுதல் வரி 3.5, அதன் மேல் ஐஜிஎஸ்டி 28. கூட்டிப் பெருக்கினால் 77.28 சதவீதம். மேலே சொன்ன அதே போர்டுக்கு 22,628 ரூபாய். 5,271 எங்கே, இது எங்கே!

அப்போது மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. முறையான இன்வாய்ஸ், ஒரே ஒரு மதர்போர்டு. கூரியர் நிறுவனம் 9804இல் போட்டு, வரியைத் தானே கட்டிவிட்டு, வாசலில் வந்து பணம் கேட்டது. ஏன் 8473இல் போடவில்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், “தனிநபர் பேர்ல வந்தா சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும் சார்.” சிஸ்டம் எடுப்பதில்லை, அவர்களுடைய அலுவலகத்தில் யாரோ ஒருவர்தான் எடுக்கிறார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் சரியான தலைப்பைத் தேடி, அதிகாரி கேள்வி கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட, வரி அதிகமுள்ள பொதுத் தலைப்பில் தள்ளிவிட்டால் அவர்களுக்குத் தலைவலி இல்லை. பணம் உங்களுடையது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 பட்ஜெட்டில் 9804இன் வரி விகிதம் 35இல் இருந்து 20க்கு இறங்கியது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் 28 சதவீதம் 18 ஆனது. 2026 பட்ஜெட்டில் 20ஐயும் 10 ஆக்குவதாக அறிவித்தார்கள். ஆகவே பழைய பதிவுகளைப் படித்துவிட்டு 77 சதவீதம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனாலும் பூஜ்ய வரிப் பொருளுக்குப் பத்து சதவீதம் ஏன் கட்ட வேண்டும்? அதுவும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கார்டு என்றால் சும்மா விடக்கூடிய தொகை இல்லை.

அதைத் தவிர்க்க ஒரே வழி, விமானம் தரையிறங்குவதற்கு முன் கூரியருக்கு எழுதி விடுவது. டிராக்கிங் எண் கிடைத்த அன்றே அவர்களுடைய சுங்கப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருள் இன்னது, தலைப்பு 8473 30, அந்தத் தலைப்பின்படியே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம்) போடவும், 9804இல் போட எனக்குச் சம்மதம் இல்லை, தாக்கல் செய்யும் முன் நகலை அனுப்பவும். இவ்வளவு போதும். கூடவே ஆதார் அல்லது பான் நகல், இன்வாய்ஸ், பணம் செலுத்திய ஆதாரம், தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்த மாடலைப் பற்றி இருக்கும் விவரம். பில் தாக்கலாகி வரி கட்டிய பிறகு நீங்கள் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் இந்த ஒரு மின்னஞ்சலின் பலம் கிடையாது. சொந்த உபயோகம் என்றால் ஐஇசி எனப்படும் இறக்குமதி எண் தேவையில்லை. சிலர் அதைக் கேட்டு மிரட்டுவார்கள், வணிகத்துக்கு வருவதற்குத்தான் அது. நீங்களே ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர் என்றால் கதை வேறு. ஐஇசி வாங்கி நிறுவனத்தின் பெயரில் இறக்கினால் கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்வாய்ஸில் ஒரு வரி எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. விற்பவர் ‘கம்ப்யூட்டர் பார்ட்ஸ், ஒன்று, 300 டாலர்’ என்று எழுதி அனுப்பினால், அதிகாரிக்கு அது எதுவாகவும் இருக்கலாம். பெட்டியைத் திறப்பார், கேள்வி கேட்பார், நாள் போகும். ‘மதர்போர்டு, மினி ஐடிஎக்ஸ், தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், புதியது, எண்ணிக்கை ஒன்று, உற்பத்தி செய்த நாடு தைவான், 8473 30, விலை இவ்வளவு, கூரியர் கட்டணம் தனியாக இவ்வளவு’ என்று இருந்தால் பெரும்பாலும் திறக்காமலே போய்விடும். கடைக்காரர் எழுதித் தரமாட்டார் என்றால் அக்காவே அந்த விவரங்களோடு ஒரு தாள் தட்டச்சு செய்து, கடை பில்லை இணைத்து உள்ளேயும் வெளியேயும் வைக்கலாம்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வது நம் ஊரில் பழகிப் போன யோசனை. வேண்டாம். அந்த மாடலின் விலை என்ன என்பதைத் தேட அதிகாரிக்கு ஒரு நிமிடம் ஆகாது. நம்பவில்லை என்றால் நீங்கள் காட்டிய மதிப்பை நிராகரித்து வேறு மதிப்பு வைக்க மேலே சொன்ன மதிப்பீட்டு விதிகளின் 12ஆம் விதி இடம் தருகிறது. தவறான மதிப்பு என்று முடிவானால் சுங்கச் சட்டம் 1962இன் 111ஆம் பிரிவில் பறிமுதல், 112இல் அபராதம், 125இல் மீட்புத் தொகை என்று வரிசையாகப் போகும். வழியில் பெட்டி தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய குறைந்த விலைக்குத்தான்.

தபாலா, கூரியரா? தபாலில் வந்தால் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் சுங்க அதிகாரிகளே பார்த்து வரி போடுவார்கள். தபால்காரர் வரியை வசூலித்துக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். கையாளும் கட்டணம் சொற்பம். ஆனால் பேச்சுவார்த்தைக்கு ஆள் கிடைக்காது, 9804இல் விழும் வாய்ப்பு அதிகம், நாள் கணக்கு யாருக்கும் தெரியாது. ஐந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் கேபிள், விசிறி, சுவிட்ச் மாதிரியானவற்றுக்குத் தபால் பரவாயில்லை. அதற்கு மேல் கூரியர்தான். கூரியரில் வரியை அவர்கள் முன்கூட்டிக் கட்டுவதற்கு ஒரு கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று தனியாக வரும். அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். கார்டில் பணம் கட்டும்போது வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

அமேசானின் அமெரிக்கத் தளத்தில் இந்தியாவுக்கு அனுப்புகிற பொருட்கள் என்றால் இறக்குமதி வைப்புத்தொகை என்று முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். உண்மையான வரி குறைவாக இருந்தால் மிச்சம் திரும்பி வரும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். கஸ்டம்ஸோடு நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது.

அக்கா எப்போதாவது ஊருக்கு வருகிறாரா? அப்படியென்றால் மேலே சொன்ன பாதித் தலைவலி இல்லை. 2016ஆம் ஆண்டு பயணப்பொதி விதிகளில் ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லாமல் இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் அதை 75,000 ஆக்கிவிட்டன. இந்திய வம்சாவளியினர் சுற்றுலாவாக வந்தாலும் அதே அளவு. பதினெட்டு வயது ஆனவருக்கு ஒரு லேப்டாப் இதற்கு வெளியே தனி. லேப்டாப் என்றால் லேப்டாப்தான். மதர்போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் 75,000க்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் மிஞ்சிய தொகைக்கு மட்டும் வரி. அக்காவும் மாமாவும் சேர்ந்து வருகிறார்கள், இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம், ஆகவே ஒரே கார்டாக ஒன்றரை லட்சத்துக்கு என்று கணக்குப் போட முடியாது. ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது.

கார்டைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் போட்டால் வீசுகிற வீச்சில் கூலரின் எடை தாங்காமல் போர்டு வளையும். பில்லைக் கைபேசியில் வைத்திருக்கட்டும். கேட்டால் காட்டலாம். ஒரே மாதிரி பிராசஸர் மூன்று நான்கு இருந்தால் விற்கக் கொண்டுவருகிறார் என்று நினைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. மானிட்டர் மட்டும் வேண்டாம். தட்டைத் திரை டிவிக்கு வரியில்லாச் சலுகையை 2013 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். பெரிய மானிட்டரைக் கொண்டுவந்து ‘இது டிவி இல்லை’ என்று நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் விளக்கிக்கொண்டிருப்பது யாருக்கும் வேண்டாத வேலை.

பழைய ராம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் உங்களைத் தடுக்க விரும்புகிறேன். பயன்படுத்திய டெஸ்க்டாப், லேப்டாப், அவற்றின் புதுப்பித்த பாகங்கள் எல்லாம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. டிஜிஎஃப்டி அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. வளர்ந்த நாடுகளின் மின்னணுக் குப்பை இங்கே வந்து சேரக் கூடாது என்பதற்காக வந்த கட்டுப்பாடு. ஒன்றிரண்டு ராம் தடங்கலில்லாமல் வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்வாய்ஸில் ‘பயன்படுத்தியது’ என்ற சொல்லைப் பார்த்து நிறுத்தினால் உங்களிடம் சொல்ல பதில் இருக்காது. அதை மறைத்து ‘புதியது’ என்று எழுதச் சொல்வது அதை விட மோசம். பெங்களூரு எஸ்பி ரோட்டிலும் தில்லி நேரு பிளேஸிலும் கழற்றிய சர்வர் ராம் விற்கிறவர்கள் உண்டு. சோதித்து வாங்கலாம், கெட்டால் மாற்றலாம்.

அப்புறம் இரண்டு முத்திரைகள். ஒன்று பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு. 2012இல் போட்ட ஆணையில் தொடங்கி பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. லேப்டாப், மானிட்டர், கீபோர்டு, அடாப்டர், பவர் பேங்க், யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதில் உண்டு. மதர்போர்டு, பிராசஸர், ராம் இல்லை. இன்னொன்று வயர்லெஸ் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் மாடல் அனுமதி. உங்கள் ஐடிஎக்ஸ் போர்டில் வைஃபை இருந்தால் அதிகாரி இதைக் கேட்க முடியும். ஒரு மாடலுக்குத் தயாரிப்பாளர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. இந்தியாவுக்கே வராத மாடல் என்றால் காட்ட ஒன்றும் இருக்காது. அதே போர்டு வைஃபை இல்லாமல் கிடைத்தால் அதை எடுங்கள். சர்வருக்கு வைஃபை எதற்கு?

முழு மினி பிசி ஒன்றையே வாங்கிவிடலாமா என்று யோசித்தால், 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி வந்த அறிவிப்பு ஞாபகம் வரும். லேப்டாப், டேப்லெட், ஆல்-இன்-ஒன், மிகச் சிறிய கம்ப்யூட்டர், சர்வர் ஆகியவற்றின் இறக்குமதிக்கு அனுமதி கட்டாயம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிப்போட்டு, நவம்பரில் இருந்து இணையவழி அனுமதி முறையாக மாற்றினார்கள். தனிநபர் ஒரு லேப்டாப்போ டேப்லெட்டோ ஒரு மிகச் சிறிய கம்ப்யூட்டரோ தபாலிலும் கூரியரிலும் வரி கட்டி வரவழைக்க அப்போதே விலக்கு கொடுத்துவிட்டார்கள். அந்த விலக்கில் சர்வர் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வாரன்டி. இதை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது. பல தயாரிப்பாளர்கள் சீரியல் எண்ணைப் பார்த்து, இந்திய விநியோகஸ்தர் வழியாக வராத பொருளை இங்கே வாங்கிக்கொள்ள மறுத்துவிடுவார்கள். திரும்ப அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். பழுது பார்த்து வரும் பொருளுக்கு 2017ஆம் ஆண்டின் 45ஆம் எண் சுங்க அறிவிப்பில் சலுகை இருக்கிறது. பழுதுபார்த்த செலவு, போகவர ஆன போக்குவரத்து, காப்பீடு, இவற்றுக்கு மட்டும் வரி. ஆனால் அதற்குப் போகும்போதே பழுதுக்காகப் போகிறது என்று ஏற்றுமதி ஆவணத்தில் சீரியல் எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும், திரும்பி வருவதும் அதே பொருளாக இருக்க வேண்டும். நடைமுறையில் கிராஃபிக்ஸ் கார்டையோ எஸ்எஸ்டியையோ யாரும் பழுது பார்ப்பதில்லை, வேறொன்றைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சீரியல் எண் மாறியது, சலுகை போனது, புதுப் பொருளாக மறுபடி முழு வரி.

இவ்வளவு செய்தும் தவறான தலைப்பில் வரி போட்டுவிட்டார்கள் என்றால்? பணத்தைத் திருப்பிக் கேட்க சுங்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது என்று சொல்வார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வரி மதிப்பீட்டையே மாற்றாமல் பணம் மட்டும் திரும்பக் கேட்க முடியாது என்று 2019இல் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 60 நாளுக்குள் ஆணையர் (மேல்முறையீடு) முன் முறையீடு செய்ய வேண்டும். வழக்கறிஞர் வேண்டும் என்பதில்லை, படிவமும் பில் ஆஃப் என்ட்ரி நகலும் போதும். பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் செய்யலாம், ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு அலைச்சல்தான் மிஞ்சும். பெட்டியை எடுக்காமல் விட்டு அழுத்தம் கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கிடங்கு வாடகை உங்கள் கணக்கில் ஏறும், முப்பது நாள் தாண்டினால் ஏலத்தில் விற்கவும் 48ஆம் பிரிவு இடம் தருகிறது.

இன்னொன்று, பார்சல் வரவேண்டி இருக்கிற நேரத்தில் ‘உங்கள் பார்சலை கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருக்கிறது, இந்த லிங்கில் பணம் கட்டுங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் மனம் உடனே நம்பிவிடும். சுங்க அதிகாரி யாரும் சொந்த யூபிஐக்குப் பணம் கேட்பதில்லை. கூரியரின் தளத்துக்கு நீங்களே போய் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். எஸ்எஸ்டி இரண்டையும் இங்கேயே வாங்குங்கள், வாரன்டிக்காக. ராமும் இங்கேதான். கிராஃபிக்ஸ் கார்டு, அக்கா வரும்போது 75,000க்குள் அடங்கினால், விலை வித்தியாசம் பதினைந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும். நெட்வொர்க் கார்டு சின்னது, எடையில்லாதது, கூரியரில் வரி அதிகம். அதையும் அக்காவின் பையிலேயே விட்டுவிடலாம். மீதி இருப்பது போர்டு மட்டும். அதற்கு அவசரம் என்றால் கூரியரில் வரவழையுங்கள், ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் இன்வாய்ஸில் அந்த ஒரு வரியை எப்படி எழுதுவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு விற்பவரைப் பாருங்கள்.